தங்கம் எப்போது உட்கார்ந்தாள்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'இல்லமும் பணியும் ஓய்வும்' என்னும் தலைப்பை எனக்கு அளித்தபோது நம் செயலாளர் அவர்கள், "நீங்கள் இரண்டையும் திறம்பட நடத்துகிறவர், அந்த வித்தையை எங்களுக்குச் சொல்லுங்கள்" என்றார். தலைப்பில் மூன்று சொற்கள் இருக்க, அவர் இரண்டை மட்டுமே எண்ணினார். அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. தலைப்பை நாட்குறிப்பில் எழுதிக்கொண்ட நானும் அன்று இரவுவரை அந்த மூன்றாம் சொல்லைக் கவனிக்கவில்லை. ஆகவே வித்தை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் மாணவி ஒருத்தி கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் இந்த அவையில் பேச விழைகிறேன்.

சென்ற ஆண்டு இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாவேந்தர் பாரதிதாசனின் குடும்ப விளக்கை நடத்திக்கொண்டிருந்தேன். 1942-இல் வெளிவந்த அதன் முதற்பகுதிக்கு 'ஒருநாள் நிகழ்ச்சி' என்று பெயர். போர் இல்லை, மன்னர் இல்லை. தங்கம் என்னும் இல்லத்தரசியின் ஒரு சாதாரண நாளே அங்குக் காவியப் பொருளாயிற்று. விடியலில் எழுகிறாள்; வாயிலில் கோலமிடுகிறாள்; யாழெடுத்துப் பாடுகிறாள்; பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்கிறாள்; மாமனையும் மாமியையும் பேணுகிறாள். இரவில் கணவனோடு உரையாடும் பொழுதிலும், நாளெல்லாம் நம் வீட்டுக்கே போயிற்றே, தமிழுக்கென்று நாம் என்ன செய்தோம் என்று வருந்துகிறாள். அடுப்படிக்கு அப்பாலும் பெண்ணுக்கு ஓர் உலகம் உண்டு என்று காட்டிய அந்த இடத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக உருகி உருகி நடத்தி வருகிறேன்.

அன்று ஒரு மாணவி எழுந்து, "அம்மா, தங்கம் எப்போது உட்கார்ந்தாள்?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. "யாழ் வாசித்தாளே, அப்போது உட்கார்ந்துதானே இருப்பாள்" என்றேன். அவள் விடவில்லை. "அதுவும் விடிந்ததும் செய்கிற காரியங்களுள் ஒன்றாகத்தானே வருகிறது? வேலைக்காக உட்கார்ந்ததைக் கேட்கவில்லை அம்மா. சும்மா எப்போது உட்கார்ந்தாள்?" என்றாள். அவளுடைய தாயார் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பணி செய்பவர் என்பதை நான் அறிவேன். அதற்குள் மணி அடித்தது. "அடுத்த வகுப்பில் பார்க்கலாம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு இத்தகைய நேரங்களில் மணியோசையே துணை.

அன்பர்களே, அந்த வாரத்து வியாழக்கிழமையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். திருவிழா நாளன்று, துக்க நாளன்று, வெறும் வியாழக்கிழமை. 4.45-க்கு எழுந்தேன். 7.30-க்குள் மூவருக்கும் மதிய உணவு கட்டியாயிற்று. அத்தைக்கு உப்புக் குறைத்துத் தனிக் குழம்பு. 7.50-க்குப் பேருந்து. கல்லூரியில் காலையில் மூன்று பாடவேளைகள். பிற்பகலில் எனக்கு வகுப்பு இல்லை. எங்கள் துறையில் அத்தகைய நாள்களில் முன்னதாகவே புறப்பட இசைவு உண்டு. கல்லூரிப் பணி பெண்களுக்கு ஏற்ற பணி என்று ஊரார் சொல்வது இந்த நெகிழ்வை எண்ணித்தான். 2.40-க்கு வீட்டில் இருந்தேன். அங்கிருந்து இரவு வரை எழுதியவற்றைப் படிக்கிறேன்: மாவு அரைத்தது, துணி மடித்தது, அத்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றது, மகனுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தது, இரவு உணவு, முப்பத்திரண்டு விடைத்தாள்கள், 11.10-க்கு விளக்கணைத்தது. ஓய்வு என்று தலைப்பிட்ட பத்தியில் எழுத ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது: மாலைப் பேருந்துகளின் நெரிசலுக்கு முன்பே வந்ததால், அமர்ந்து வர இடம் கிடைத்த இருபத்தைந்து நிமிடங்கள்.

பணி எனக்கு மூன்று மணி நேரத்தைத் திருப்பித் தந்தது. மணலில் ஊற்றிய நீர்போல அதை வீடு உறிஞ்சிக்கொண்டது. அதே மாதத்தில் ஒருநாள் என் கணவரும் அலுவலகத்திலிருந்து முன்னதாக வந்தார். செய்தித்தாளைப் பிரித்தார், அரைமணி நேரம் கண்ணயர்ந்தார், எழுந்து தெளிந்த முகத்தோடு தேநீர் கேட்டார். அவர் செய்தது தவறன்று. தேநீர் கேட்டதை விட்டுவிட்டால், நானும் செய்திருக்க வேண்டியது அதுவே.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று நடுவண் அரசே கணக்கெடுத்திருக்கிறது. முதலில் 1998-99-இல், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் சோதனை முறையில் எடுத்தார்கள். பின்னர் 2019-இல் நாடு தழுவி எடுத்தார்கள். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுள், ஊதியமில்லாத வீட்டுப்பணி செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், செய்த ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டார்கள். 2024-இல் மீண்டும் எடுத்தபோது அவை 289, 88 என வந்தன. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்தது. பத்தில் ஒன்பதைப் பங்கு கேட்கும் நம் ஆடவரின் சமத்துவ உணர்வை நான் பாராட்டாமல் இருக்க முடியாது.

பழைய பாட்டுக்குப் போவோம். குறுந்தொகையின் 167-ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது. தயிரைப் பிசைந்த விரல்களை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை படியத் தானே சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, புதுமனைவியின் முகம் நுட்பமாக மலர்ந்ததைச் செவிலி கண்டுவந்து தாய்க்குச் சொல்கிறாள். 2020-இல் ஊரடங்கின்போது இந்தப் பாட்டை வீட்டு அடுக்களையிலிருந்து, அலைபேசியை அரிசி டப்பாவின்மேல் சாய்த்து வைத்து நடத்தினேன். தாளிப்புப் புகை என்று நான் சொன்ன கணத்தில் என் குக்கர் விசிலடித்தது. அறுபது மாணவியரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபின், செவிலி எவ்வளவோ கண்டாள், அந்தப் பெண் எப்போது உண்டாள் என்று மட்டும் கண்டுவந்து சொல்லவில்லையே என்று தோன்றியது. பாட்டின் நயத்துக்கு அதனால் குறைவில்லை. கேட்காத கேள்வி நம்முடையது.

வீட்டிலிருந்தே பணி செய்த அந்த மாதங்களில் ஓர் உண்மை விளங்கிற்று. பணிநேரம் நெகிழ்வானால் ஓய்வு தானே பெருகும் என்பது கானல்நீர். சுவர் இருந்தவரை கல்லூரி கல்லூரியாகவும் வீடு வீடாகவும் இருந்தன. சுவர் போனபின் இரண்டும் ஒரே அறையில் என்னை ஒருசேர அழைத்தன.

தமிழில் 'ஓய்தல்' என்னும் சொல்லுக்கு இரு முகங்கள் உண்டு. இளைப்பாறுவதும் ஓய்தல், உழைத்து உழைத்துத் தளர்வதும் ஓய்தல். 'ஓய்ந்து போனாள்' என்றால் அவள் இளைப்பாறினாள் என்று யாரும் பொருள் கொள்வதில்லை. 'ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லாமல் உழைக்கிறாள்' என்பதோ நம் வீடுகளில் பாராட்டுரை. திருக்குறளில் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஓய்வுக்கென்று தனி அதிகாரம் இல்லை. ஆயினும் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், தாழ்த்திச் செய்யத்தக்க வினையைத் தாழ்த்தியே செய்யலாம், தாழ்த்தக்கூடாததைத் தாழ்த்தாதே என்று வகுத்துக் காட்டுகிறார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். மாவரைப்பது தாழ்த்தக்கூடாத வினையாகிறது. உடம்பு கெஞ்சும் ஓய்வோ ஆண்டுக்கணக்கில் தாழ்த்தப்படுகிறது.

எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தன் விருப்பம் என்று தொழிலாளர் உலகம் முழங்கியது. அந்த முழக்கத்தின் நாளான மே தினத்தை 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதன்முறை. அந்த மூன்று எட்டுகளில் சோறு சமைக்கும் நேரம் எதில் அடங்கும் என்று எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருத்தி வீட்டில் சமைத்து வைத்திருப்பாள் என்னும் நம்பிக்கையில்தான் அந்தக் கணக்குச் சரியாக வருகிறது. எனினும் அது நமக்கு ஒரு பாடம் கற்பித்தது: ஓய்வு என்பது வேலை போக எஞ்சியது அன்று, கேட்டுப் பெற வேண்டிய பங்கு.

அப்படிக் கேட்டுப் பெற்றதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே பணியாற்றும் நம் பெண்களை நாம் அறிவோம். அவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்பதைக் கேரளம் 2018-இல் சட்டமாக்கியது. தமிழ்நாடும் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி அவ்வாறே செய்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! என் மாணவியின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. கடையில் நாற்காலி வேண்டும் என்று சட்டம் சொல்லிவிட்டது. வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவர் யார்?

எங்கள் வீட்டில் அத்தை சொன்னார்கள். என் வியாழக்கிழமைத் தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எங்கள் தெருவில் பிற்பகல் மூன்று மணிக்கு எந்த வீட்டு அடுப்பிலும் நெருப்பு இருக்காது" என்றார்கள். உண்டு முடித்த பெண்கள் திண்ணையில் கூடுவார்களாம். பதினான்கு குழிப் பல்லாங்குழியில் சோழி ஓடுமாம். புளி கொட்டை எடுப்பவர்களும் பேசிக்கொண்டே எடுப்பார்களாம். பழங்காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வயலில் களையெடுத்த பெண்ணுக்கு அந்தத் திண்ணை வாய்த்ததில்லை. ஆயினும், சிறுபொழுது ஆறனுள் எற்பாடு என்று நம் முன்னோர் வகுத்த பிற்பகலில் ஒரு சிறு பகுதி அத்தையின் தலைமுறைக்காவது தம்முடையதாக இருந்தது. படித்து, பட்டம் பெற்று, பணிக்குச் சென்ற நான் அதைக் கைதவற விட்டிருக்கிறேன்.

அன்று முதல் நான் முன்னதாக வரும் நாள்களில் மூன்றிலிருந்து நான்குவரை என்னுடைய நேரம் என்று வீட்டில் அறிவித்தோம். அத்தையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கணவரின் பொறுப்பாயிற்று. மாவு மகன் அரைக்கிறான். முதல் வாரம் இட்லி கல்லாயிற்று, எல்லோரும் மௌனமாக உண்டோம். உண்மையில் கடினமானது அதுவன்று. சும்மா உட்காருவதே கடினமாக இருந்தது. முதல் நாள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன். திருடியவளைப்போல் நெஞ்சு குறுகுறுத்தது. அத்தை வந்து, "போய் உட்கார், அது உன் பங்கு" என்றார்கள். அந்தக் குற்ற உணர்வை எனக்கு யாரும் கற்பித்ததில்லை. பார்த்துப் பார்த்துப் படிந்தது. என் மகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதால்தான் மறுநாளும் உட்கார்ந்தேன்.

இன்னும் ஒரு மணி நேரம் முழுமையாகக் கிடைப்பதில்லை. தேர்வுக் காலத்தில் அறவே கிடைப்பதில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம், "தங்கம் உட்கார்ந்தாளா என்று நீ கேட்டபின்தான் தேடினேன். கேள்வி சரி, உன் அம்மாவிடம் இதைச் சொல்" என்றேன். "அம்மா கடையில் ஸ்டூல் வந்திருக்கிறது; வீட்டில்தான் நானும் தம்பியும் பார்க்க வேண்டும்" என்றாள்.

நிறைவாக நம் வட்டத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் கூட்டம் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிறது. ஏழரைக்குப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து செல்வதைப் பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். இலக்கியத்தில் ஆர்வம் குறைவு என்று எண்ணியவர்களும் உண்டு. சுண்டலும் நம் மகளிர் வீடுகளிலிருந்தே வருகிறது. அடுத்த மாதம் முதல் கூட்டத்தை மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிப்போம். சுண்டலை ஆடவர் முறைவைத்துச் செய்து வரட்டும். உப்புக் குறைந்தாலும் நாங்கள் இனிதென்றே உண்போம். தமிழுக்கென்று என்ன செய்தோம் என்று தங்கம் வருந்தினாளே, அவள் பேத்திகள் இந்த அவையில் இறுதிவரை உட்கார்ந்திருக்கட்டும்.