உதவித்தொகை மறுக்கப்பட்டால்...

(கிளைக் கூட்டத்தில் கல்விக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விண்ணப்பம் போட்டு, "இல்லை" என்று பதில் வந்தபின் என்ன செய்வது? நம்மவர்களில் பெரும்பாலோர் "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறான்" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஏன் இல்லை என்று படித்துப் பார்ப்பதுகூட இல்லை.

மத்திய அரசின் உயர்கல்வித் துறை கல்லூரி மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். எல்லா வகுப்பினரும் விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகக் கொடுக்கிறார்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டப்படிப்பின் முதல் மூன்று வருஷங்களுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். "இது என்ன பெரிய தொகை" என்று கேட்பவர்கள், புரோகிதத்திலும் சமையல் வேலையிலும் குடும்பம் நடத்துபவர்கள் வீட்டில் போய்க் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதில் பிளஸ் டூ மதிப்பெண் 80-ஆவது பெர்சென்டைலுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. பெர்சென்டைல் வேறு, சதவிகிதம் வேறு. அந்த போர்டில், அந்தப் பிரிவில் தேறியவர்களில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் வர வேண்டும் என்று அர்த்தம். 85 சதவிகிதம் வாங்கிய பையனுக்கும் கிடைக்காமல் போகலாம். அதற்கு அப்பீல் செய்து பயனில்லை.

இன்னொரு குழப்பம் இ.டபிள்யூ.எஸ். சான்றிதழ். 2019-இல் வந்த 10 சதவிகித ஒதுக்கீட்டுக்கு வருமான வரம்பு 8 லட்சம். அந்தச் சான்றிதழை இந்த உதவித்தொகைக்கு இணைத்தால் செல்லாது. வருமானச் சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாத புரோகிதர்கள் இதற்குத்தான் அலைகிறார்கள். தாசில்தார் அலுவலகத்தில் என்ன ஆதாரம் கேட்கிறார்கள் என்று பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

வெளி மாநிலங்களில் நம் குழந்தைகளுக்கு வரும் பெரிய தொல்லை பெயர். நமக்கு ஸர்நேம் கிடையாது. பள்ளியில் 'ஆர். வித்யா', ஆதாரில் 'வித்யா ராமநாதன்', பாங்க் பாஸ்புக்கில் 'ராமநாதன் வித்யா'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்!

நாக்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. அப்பா புரோகிதர். பெண்ணின் விண்ணப்பம் 'டிஃபெக்டிவ்' என்று வந்தது. கல்லூரி அலுவலகத்தில், "அடுத்த வருஷம் போடு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த வருஷம் பிளஸ் டூ முடித்து முதலாண்டில் சேர்ந்தவர்கள்தான் இதற்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியும். அப்போது விட்டால் மூன்று வருஷத்து 36,000 ரூபாயும் போனதுதான்.

'டிஃபெக்டிவ்' என்றால் நிராகரிப்பு அல்ல. திருத்தி அனுப்பு என்று திருப்பிவிட்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அது தாண்டினால்தான் கதவு மூடும். அந்தப் பெண், மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி அஃபிடவிட் எடுத்து, திரும்ப அனுப்பினாள். உதவித்தொகைப் பொறுப்பாளரை நேரில் பார்த்து, கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொண்டாள். விண்ணப்பம் மேலே போயிற்று. (அவசரப்பட்டு ஆதாரில் பெயரை மாற்ற ஓடாதீர்கள். ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும்.)

கல்லூரி அசையவில்லை என்றால், சி.பி.கிராம்ஸ் என்ற மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்தில் உயர்கல்வித் துறைக்குப் புகார் எழுதலாம். பதில் திருப்தி இல்லையென்றால், புகாரை முடித்து வைத்த 30 நாளுக்குள் அங்கேயே அப்பீல் உண்டு. காரணமே சொல்லாமல் மறுத்தால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதற்கப்பால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆனால் இது காரணத்தைத் தெரிந்துகொள்ளும் வழிதானே தவிர, பணம் வாங்கும் வழி இல்லை. ஆகவே திருத்தும் தேதி முடியும்வரை இதற்காகக் காத்திருக்கக் கூடாது.

கல்விக் கடனும் அப்படித்தான். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, கிளை மேலாளர் தானாக மறுத்துவிட முடியாது. மேலதிகாரியின் சம்மதத்தோடு, காரணம் சொல்லி மறுக்க வேண்டும். வாயால் "இல்லை" என்று சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேளுங்கள்.

கடிதம் எழுதும் விதத்தையும் சொல்கிறேன். நான் பார்த்த பல கடிதங்களில் தாத்தாவின் வேத பாண்டித்தியம் ஒரு பக்கம், அரசாங்கத்தின் மேல் ஆத்திரம் ஒரு பக்கம். படிக்கிற குமாஸ்தாவுக்கு இரண்டுமே வேண்டாம். விண்ணப்ப எண், மறுத்த தேதி, அவர்கள் சொன்ன காரணம், அதற்கு நம் பதில், இணைத்திருக்கும் ஆதாரம். அரைப் பக்கம் போதும். குழந்தையே எழுதட்டும், அப்பா கையெழுத்து மட்டும் போடட்டும்.

தனியார் டிரஸ்டுகளிடமும் நம் சங்கத்திடமும் சட்டப்படி அப்பீல் கிடையாது. ஆனால் நிலைமை மாறியிருந்தால், அப்பாவுக்கு வேலை போயிருந்தால், வீட்டில் வைத்தியச் செலவு வந்திருந்தால், மறுபடி எழுதலாம். எங்கள் குழு அப்படி வரும் கடிதங்களைத் திரும்பப் படிக்கிறது.

நாக்பூர்ப் பெண்ணுக்கு முதல் வருஷப் பணம் பாங்கில் விழுந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 50 சதவிகித மதிப்பெண்ணும் 75 சதவிகித வருகையும் வேண்டும். அஃபிடவிட்டின் அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.