'யூஸ்ட் டு' படுத்திய பாடு

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நான் பேச்சாளன் அல்ல. 2008இல் உயர்தரப் பரீட்சை எழுதியதோடு என் படிப்பு நின்றுவிட்டது. இன்று பாண் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒரு ஆங்கிலச் சொற்றொடரால் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வந்தேன்.

முந்தி வேலை செய்த இடத்தில் எனக்கு நாலு வருடமாக இரவு வேலை. ஆனால் தற்காலிகம். வேறொரு தொழிற்சாலையில் நிரந்தர இரவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள். "இரவு வேலை எனக்குப் பழக்கம்" என்று சொல்ல நினைத்து, "ஐ யூஸ்ட் டு வேர்க் நைட்ஸ்" என்று எழுதி அனுப்பினேன். வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்டேன். "நீங்கள் இரவு வேலையை விட்டுவிட்டதாக அல்லவா எழுதியிருக்கிறீர்கள்?" என்றார்கள்.

பிறகுதான் விளங்கியது. 'யூஸ்ட் டு' தனியே வந்தால், முந்தி நடந்தது, இப்ப இல்லை. ஊரில் "முந்தி நான் சைக்கிளிலை போறனான்" என்கிறோமே, அதுதான். அதற்கு முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வந்தால் பழகிப்போனது என்று பொருள். அப்போது பின்னால் வரும் வினைச்சொல்லோடு 'இங்' சேரவேண்டும்: "ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் நைட்ஸ்." ஒரு 'ஆம்', ஒரு 'இங்' விடுபட்டதில் என் நாலு வருட அனுபவம் பழங்கதையாகிவிட்டது!

இன்னொன்று. பேசும்போது 'யூஸ்ட்' என்பதன் கடைசி 'டி' காதில் தனியே விழாது. அதனால் பலர் அதை எழுதாமல் விடுகிறோம். எழுதத்தான் வேண்டும். 'டிட் நொட்' முன்னால் வந்தால் அந்த 'டி' போய்விடும்: "ஐ டிட் நொட் யூஸ் டு ஸ்மோக்."

இது வேலையோடு நிற்கிற விஷயம் இல்லை. ஆஸ்பத்திரிப் படிவத்தில் அம்மா தினமும் போடும் குளிசையைப் பற்றி 'யூஸ்ட் டு டேக்' என்று எழுதினால், அவ அதை நிறுத்திவிட்டா என்றுதான் டொக்டர் எடுப்பார். ஆகவே, எழுதியதை அனுப்ப முன் பிள்ளைகளிடம் ஒருக்கால் காட்டுங்கள். அதில் வெட்கம் இல்லை.

அடுத்த விண்ணப்பத்தில் நான் சரியாக எழுதினேன். இன்று விழா முடிய நேரே அந்த இரவு வேலைக்குத்தான் போகிறேன்.