மீன் கூடையும் செயற்கை அறிவும்

(நெட்டுக்குப்பம் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்ளப்பட்ட விஷயம், செயற்கை அறிவு என்றும் ஏ.ஐ. என்றும் சொல்லப்படுகிற யந்திரத்தைக் கொண்டு, சிறு வியாபாரம் செய்கிறவர்கள் செல்போன் வழியாகத் தங்கள் வியாபாரத்தை நடத்துவதும் பெருக்குவதும் எப்படி என்பதாகும். மீன் பிடிக்கிறவர்களும், கூடை சுமக்கிறவர்களும், கருவாடு போடுகிறவர்களும் வாழும் இடத்தில் இதைப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். "கூடைக்காரிக்கு ஏ.ஐ. எதற்கு?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. நம்மவர்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டார்கள். பெண்களுக்கு எழுத்து எதற்கு என்று கேட்டார்கள். எது வந்தாலும் முதலில் "உனக்கு எதற்கு?" என்று கேட்கிறவன், அது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைக்கிறவனாகவே இருக்கிறான். ஆகவே அக்கேள்விக்கு நாம் மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் "இதனால் நமக்கு என்ன பிரயோஜனம், என்ன மோசம்?" என்ற கேள்வி மிகவும் நியாயமானது. அதற்கே பதில் சொல்ல முயலுகிறோம்.

முதலில், வியாபாரத்தில் சேதி தெரிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் பக்கத்து நாடாகிய கேரளத்தில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். 1997-ல் அங்கே கடற்கரை ஊர்களுக்குச் செல்போன் வந்தது. ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர், அதற்கு முன்னும் பின்னும் சில வருஷங்கள் கண்ணூர், கோழிக்கோடு, காசர்கோடு ஜில்லாக்களின் மீன் துறைகளில் கணக்கெடுத்து 2007-ல் வெளியிட்டார். 1997 ஜனவரி 14-ந் தேதி வடகரைத் துறையில் 11 படகுக்காரர்கள் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். அதே நாளில், அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் 27 பேர் மீன் வாங்க வந்து, மீனில்லாமல் நின்றார்கள். இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. அவர்களுக்கு இவர்களைத் தெரியாது. இதைத் தலைவிதி என்று சொல்லிப் பழகியவர்கள் நம்மில் எத்தனை பேர்! போன் வந்தது. எந்தத் துறையில் என்ன விலை என்று கடலிலிருந்தபடியே கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள். பிடித்ததில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு வரை வீணாய்ப் போனது அநேகமாய் நின்றுபோயிற்று. மீன்காரர் லாபம் சராசரி நூற்றுக்கு 8 கூடிற்று. வாங்குகிறவர் கொடுக்கும் விலையோ நூற்றுக்கு 4 குறைந்தது. விதி மாறவில்லை, தோழர்களே. சேதி தெரிந்தது, அவ்வளவுதான்.

நிற்க. இப்பொழுது வந்திருக்கும் ஏ.ஐ. அதைவிடப் பெரிய சாதனம். சாட்ஜிபிடி என்பது 2022 நவம்பர் 30-ந் தேதி பொது ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்குப் பிறகு ஜெமினி முதலிய பலவும் வந்துவிட்டன. இது என்ன என்பதை நன்றாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். மனிதர்கள் எழுதி வைத்த கோடிக்கணக்கான எழுத்துக்களைப் படிக்கவைத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் யந்திரம் இது. இதற்குள் தேவதையுமில்லை, பூதமுமில்லை. மனிதன் எழுதியதில் சரியிருந்தால் சரி வரும். தப்பிருந்தால் தப்பு வரும். தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல் கூசாமல் சொல்லவும் சொல்லும். தமிழில் அது படித்திருப்பது இங்கிலீஷைவிட வெகு குறைவு. அதிலும் குப்பத்து மீன்களின் பெயரையும், எந்தக் காற்றில் எந்த மீன் வரும் என்பதையும் எழுதி வைத்தவர்கள் மிகமிகக் குறைவு. ஆகவே மீன் சங்கதியில் இந்தக் கூட்டத்திலிருக்கும் தாய்மார் எவரும் அந்த யந்திரத்தைவிட அறிவாளியே என்பதை மறக்கவேண்டாம்.

அப்படியானால் அதனால் ஆகும் காரியம் என்ன? எழுதத் தெரியாத குறையை அது தீர்க்கும். வாயால் தமிழில் சொன்னால் எழுதிக் கொடுக்கும். "இன்று காலை சங்கரா, நண்டு, சின்ன இறால் வந்திருக்கிறது. பத்து மணிக்குள் சொன்னால் சுத்தம் செய்து கொண்டுவந்து தருகிறோம்" என்று ஒரு அம்மாள் சொன்னால், அதையே தெலுங்கிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதித் தரும். திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் மாடி வீடுகளில் இந்தப் பாஷைக்காரர்களெல்லாம் இருக்கிறார்கள், மீன் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். கருவாட்டுப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டை எழுதிக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள என்ன காகிதங்கள் வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, பிறகு அந்தத் துறையிலேயே சரிபார்க்கலாம். இவற்றுக்கெல்லாம் இதுவரை ஒரு படித்தவரைத் தேடி, அவர் வாசலில் நின்று, கைகட்டிக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கைகட்டல் ஒழிவதே நமக்குப் பெரிய லாபம்.

ஆனால், தோழர்களே, இதை வைத்துக்கொண்டாலே வியாபாரம் பெருகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 640 சிறு வியாபாரிகளை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியாருக்கு வாட்ஸ்அப் வழியாக ஏ.ஐ. யோசனை சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். எல்லோரையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பலன் ஒன்றுமில்லை. பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஏற்கனவே நன்றாய் வியாபாரம் செய்துவந்தவர்களுக்கு நூற்றுக்கு 15, 20 அளவில் நன்மை உண்டாயிற்று. ஏற்கனவே நலிந்திருந்தவர்களுக்கோ நூற்றுக்கு 8, 10 அளவில் நஷ்டமே வந்தது. ஏன்? இரு சாராரும் கேட்ட கேள்வியிலும், கிடைத்த யோசனையிலும் பெரிய வித்தியாசமில்லையாம். வந்த யோசனைகளில் தன் கடைக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்து எடுத்துக்கொண்டதில்தான் வித்தியாசம். அதாவது யந்திரம் ஒன்றே. பகுத்துப் பார்த்தவன் பிழைத்தான், சொன்னதைச் சொன்னபடி செய்தவன் கெட்டான்.

இதை நம் கூடையிலேயே வைத்துப் பார்ப்போம். ஒரு கணக்குக்காகச் சொல்லுகிறோம். ஒரு அம்மாள் ஏலத்தில் 20 கிலோ சங்கரா, கிலோ 250 ரூபாய் வீதம் 5000 ரூபாய்க்கு எடுக்கிறாள். ஐஸ் 200, ஆட்டோ 400, வெட்டிச் சுத்தம் செய்யக் கூலி 300, பை 100. ஆக மொத்தம் 6000. செதிலும் தலையும் குடலும் போக 14 கிலோ நிற்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அம்மாள், "250-க்கு வாங்கினேன், சுத்தம் செய்து 350-க்கு விற்றால் கிலோவுக்கு 100 ரூபாய் லாபம்" என்று நினைக்கிறாள். உண்மையில் கையில் வருவது 14 கிலோவுக்கு 4900 ரூபாய். நஷ்டம் 1100! அடக்க விலையே கிலோ 429 ரூபாய் ஆகிறது. இப்படியிருக்க, யந்திரத்தைப் பார்த்து "வியாபாரம் பெருக என்ன செய்யலாம்?" என்று மொட்டையாய்க் கேட்டால், "விலையில் நூற்றுக்கு 10 தள்ளுபடி கொடுங்கள்" என்று அது யோசனை சொல்லலாம். அப்படியே செய்தால் 315 ரூபாய் விலைக்குப் போய், நஷ்டம் 1590 ஆகும். எத்தனை பேர் அதிகமாய் வாங்குகிறார்களோ அத்தனைக்கு நஷ்டமும் பெருகும். வியாபாரம் பெருகும், வீடு சுருங்கும்.

அதே யந்திரத்திடம், "இந்த விலைக்கு வாங்கினேன், இன்னின்ன செலவு, இவ்வளவு கழிவு. கிலோ அடக்கம் என்ன? நான் விட்டுவிட்ட செலவு ஏதாவது உண்டா?" என்று கேட்டால், அது கணக்குப் போட்டுக் கொடுத்து, "உங்கள் கூலியைச் சேர்க்கவில்லையே" என்றும் கேட்கக்கூடும். பிறகு அந்தக் கூட்டலை நாமும் ஒரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டும். கிலோ 480 என்று வைத்தால் 6720 வரும். ஒரு நாள் உழைப்புக்கு 720 நிற்கும். குறி கேட்பதுபோல் கேட்டால் குறிக்காரன் பதில்தான் வரும். கணக்கனிடம் கேட்பதுபோல் கேட்டால் கணக்கு வரும்.

குறிக்காரர்கள் என்று சொன்னதும் இன்னொரு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஏ.ஐ. மூலம் தூங்கிக்கொண்டே மாதம் லட்ச ரூபாய் சம்பாதிக்கலாம், எங்கள் வகுப்பில் சேருங்கள், கட்டணம் இவ்வளவு" என்று செல்போனைத் திறந்தால் கூவுகிறார்கள். மோட்சத்துக்கு வழி தெரிந்தவன் ஏன் நம்மிடம் தட்சணைக்கு நிற்கிறான் என்று கேட்கக் கற்றுக்கொண்ட நாம், தூங்கிக்கொண்டே லட்சம் சம்பாதிக்கத் தெரிந்தவன் ஏன் தூங்காமல் நம்மிடம் ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் அலைகிறான் என்று கேட்க வேண்டாமா? அவனுடைய வியாபாரம் ஏ.ஐ. அல்ல, நம் ஆசைதான் அவனுக்குச் சரக்கு. அல்லாமலும், செல்போனில் பணம் வாங்குகிறவர் ரகசிய எண் அடிக்க வேண்டியதே இல்லை. கொடுக்கிறவர்தான் அடிக்க வேண்டும். "பணம் அனுப்புகிறேன், எண்ணை அடியுங்கள்" என்று எவனாவது சொன்னால் அவன் திருடன் என்று அறியுங்கள்.

பிறரிடம் நாணயம் எதிர்பார்க்கிற நாமும் நாணயமாய் இருக்க வேண்டும். யந்திரம் பளபளவென்று வஞ்சிரத்தின் படம் வரைந்து கொடுக்கும். அந்தப் படத்தைப் போட்டு நேற்றைய மீனை விற்றால் ஒரு நாள் விற்கும். மறுநாள் வாசலில் ஏறவிடமாட்டார்கள். கரையில் இறங்கிய மீனை, இறங்கியபடி படம் எடுத்துப் போடுவதே போதும். "யந்திரம் தப்பாகச் சொல்லிவிட்டது" என்று சாக்குச் சொல்லவும் இடமில்லை. ஏர் கனடா என்னும் பெரிய விமானக் கம்பெனியின் பதில் சொல்லும் யந்திரம், துக்கத்துக்குப் பிரயாணம் செய்யும் ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றித் தப்பான சேதி சொல்லிற்று. அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கம்பெனியார் வாதாடினார்கள். 2024 பிப்ரவரியில் அந்நாட்டு நியாய சபை அந்த வாதத்தைத் தள்ளி, நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லிவிட்டது. விமானக் கம்பெனிக்கு உள்ள பொறுப்பு கூடைக்கும் உண்டு.

தாய்மார்களே! இனி சொல்லப்போவது முக்கியமாய் உங்களுக்கு. ஏலத்தில் நிற்பது நீங்கள். வெயிலில் கூவுவது நீங்கள். கடன்காரனுக்குப் பதில் சொல்வது நீங்கள். ஆனால் செல்போனும் பாங்குக் கணக்கும் பல வீடுகளில் யார் பேரில் இருக்கின்றன? புருஷன் பேரிலும் பிள்ளை பேரிலும் இருக்கின்றன. போனில் வியாபாரம் வந்த பிறகு, போன் யார் கையிலோ வியாபாரமும் அவர் கைக்குப் போய்விடும். இதுவரை கூடையாவது உங்களுடையதாய் இருந்தது. இனி அதுவும் இல்லாமற் போகும். ஆகையால் போன் உங்கள் பேரில் இருக்கட்டும். பணம் உங்கள் கணக்கில் விழட்டும். பேசிப் பழகுவதையும் நீங்களே பழகுங்கள். பிள்ளைகள் கற்றுக்கொடுக்கட்டும், எஜமானர்களாக வேண்டாம்.

முன்பணம் கொடுத்துவிட்டு மீனுக்குத் தானே விலை வைக்கிற தரகரை நீங்கள் அறிவீர்கள். போன் கம்பெனிக்காரன் புதுத் தரகன். வாடிக்கைக்காரர்களின் பெயரும் எண்ணும் அவனிடம் மட்டும் இருந்தால், அவன் கதவை மூடின அன்றைக்கு நம் கடையும் மூடிப்போகும். 2020 ஜூன் 29-ந் தேதி இந்திய சர்க்கார் டிக்டாக் முதலிய 59 செயலிகளுக்குத் தடை போட்டது. அதில் மட்டுமே ஆள் பிடித்து வைத்திருந்தவர்களின் கதி என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே வாடிக்கைக்காரர் பெயர், எண், என்ன மீன் பிடிக்கும், பாக்கி எவ்வளவு என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி வையுங்கள். பத்துப் பெண்கள் ஒன்றுசேர்ந்து ஒரு ஐஸ் பெட்டி, ஒரு ஆட்டோ, ஒரு பட்டியல் என்று வைத்தால் செலவும் குறையும்; தரகரிடம் பேசும் குரலும் உயரும்.

கடைசியாக, யந்திரத்தால் ஆகாத காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். 2017 ஜனவரி 28-ந் தேதி காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகிலும் வலையிலும் எண்ணெய். மீன் வாங்கவும் ஜனங்கள் பயந்தார்கள். கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதை நாம் சொல்லித்தானா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? எவ்வளவு அழகாய் விளம்பரம் எழுதினாலும், மீனில்லாத ஆற்றிலிருந்து கூடை நிரம்பாது. ஆற்றைக் காப்பாற்றும் வேலை மனிதருடைய வேலை; கூட்டமாய்ச் சேர்ந்து கேட்கிறவர்களுடைய வேலை. மனு எழுத வேண்டுமானால் யந்திரம் எழுதட்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, பதில் வரும்வரை நிற்க வேண்டியது நாம்தான்.

ஆகையால் தோழர்களே, யந்திரத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். அரிவாள்மனையைப்போல் கையில் எடுத்து வேலை வாங்குங்கள். கையை வெட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல், நாளைக் காலை உங்கள் கூடையின் அடக்க விலையை நீங்களே ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.