முதல் பத்தில் எத்தனை?

(மன்னார்குடியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தேடுபொறிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணினி ஆசிரியை இல்லை. என் வகுப்பில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

சென்ற சம்பாப் பருவத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, என்னிடம் கேட்டுக்கொண்டு பள்ளிக் கணினியில் தேடினாள். "பயிர் மஞ்சளா இருக்கு என்ன மருந்து அடிக்கலாம்" என்று வீட்டில் பேசுகிற மாதிரியே தட்டினாள். முதலில் வந்த பக்கம் ஒரு பூச்சிமருந்தின் பெயரைச் சொன்னது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை. மருந்து வாங்கக் கிளம்பிய அவள் அப்பா நல்லவேளையாக வழியில் வேளாண் உதவி அலுவலரைப் பார்த்திருக்கிறார். அவர் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டு, "பூச்சி ஒண்ணும் இல்லீங்க, துத்தநாகச் சத்துக் குறைவு, ஜிங்க் சல்பேட் போடுங்க" என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா டீச்சர்?" என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. யோசித்தால், அது பொய் சொல்லவில்லை. அவள் மருந்து கேட்டாள், அது மருந்து கொடுத்தது. தழைச்சத்துக் குறைந்தாலும் பயிர் மஞ்சளாகும், துத்தநாகம் குறைந்தாலும் ஆகும், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோய் வந்தாலும் ஆகும். "ஏன் மஞ்சள்?" என்று அவள் கேட்டிருந்தால் வேறு பக்கங்கள் வந்திருக்கும். அதைப் பக்கத்தில் நின்ற நான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனையைத் தொடங்கினோம். கூகுள், பிங், டக்டக்கோ மூன்றிலும் ஒரே கேள்வியை, ஒரே நாளில், யாருடைய கணக்கிலும் நுழையாமல் தேடுவது. முதலில் வரும் பத்து முடிவுகளின் தலைப்பையும் கீழே உள்ள இரண்டு வரியையும் மட்டும் பிரதி எடுத்து, மேலே அ, ஆ, இ என்று எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவேன். எது எந்தத் தேடுபொறி என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் பழகிய பெயருக்குத்தான் மதிப்பெண் விழும்; விடைத்தாள் திருத்தும் நமக்குத் தெரியாதா? முழுப் பொருத்தத்துக்கு இரண்டு, ஓரளவுக்கு ஒன்று, பொருந்தாததற்குச் சுழி. காசு கொடுத்து இடம் பிடித்த விளம்பரங்களையும், பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிற சுருக்கத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. இணையத் தேடல் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1960களில், இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் இதைச் செய்தார். விமானவியல் சார்ந்த 1,400 ஆவணங்கள், 225 கேள்விகள். எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருந்தும் என்று மனிதர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1992இல் தொடங்கிய ட்ரெக் என்னும் ஆய்வரங்கும், நம் நாட்டில் இந்திய மொழிகளுக்காக 2008இல் தொடங்கிய ஃபயர் அமைப்பும் அந்த வழியில் வந்தவைதான். ட்ரெக்கில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வியோடு நிறுத்தாமல், எது கிடைத்தால் பொருத்தம், எது கிடைத்தால் பொருத்தமில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் தேடுவதற்கு முன் நோட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். இந்த இரண்டு வரிக்குத்தான் அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

மூன்று எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன். "மன்னார்குடியில் உள்ள நதி" என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேடினார்கள். முன்னால் வந்து நின்றது ஹரித்ரா நதி. பெயரில்தான் நதி, அது கோயில் தெப்பக்குளம் என்று நம்மூர்க் குழந்தைக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளை என்ன செய்யும்? சரி என்று "நதி"யை எடுத்துவிட்டு "ஆறு" போட்டதும் பாமணி ஆறு வந்தது, கூடவே எண் ஆறும் வந்தது. தமிழில் தேடுவதில் இந்தச் சிக்கல் உண்டு. "ஆற்றில்", "ஆற்றங்கரை" என்று எழுதும்போது "ஆறு" என்ற எழுத்துக் கூட்டே மறைந்துவிடுகிறது. வேரைப் பிடிக்கத் தெரிந்த தேடுபொறிதான் இதில் தேறும். புணர்ச்சி நடத்தும் தமிழாசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்தலாம்.

அடுத்தது, "மேட்டூர் அணை எப்போது திறப்பார்கள்?" வழக்கமான நாள் ஜூன் 12. ஆனால் 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை ஆனது. ஜூன் 12 என்று சொல்லும் பக்கம் பொது அறிவுத் தேர்வுக்கு எழுதுபவருக்கு இரண்டு மதிப்பெண். 2024 ஜூனில் நாற்றங்கால் தயார் செய்ய நின்றவருக்கு அதே பக்கம் சுழி. பிள்ளைகளைப் பக்கத்தின் தேதியைப் பார்க்க வைத்தது இந்தக் கேள்விதான்.

மூன்றாவது, பழைய மஞ்சள் பயிர்க் கேள்வி. மருந்துக்கடைப் பக்கம் ஒன்றுக்கு ஒரு குழு இரண்டு போட்டது, இன்னொரு குழு சுழி போட்டது. சுழி போட்ட குழுவில் அந்த மாணவி இருந்தாள். "மருந்துப் பேருதான் இருக்கு, காரணம் இல்லையே" என்றாள். எதிர்க் குழுப் பையன், "கேட்டது மருந்துதானே?" என்றான். மணி அடித்தும் விடவில்லை. நான் நடுவில் புகவில்லை. தீர்ப்பாளர்கள் இப்படி வேறுபடுவது ட்ரெக்கிலும் நடப்பதுதான். ஆனாலும் கேள்விகள் நிறைய இருந்தால், எந்தப் பொறி முந்தியது என்ற வரிசை பெரிதாக மாறுவதில்லை என்று அங்கே கண்டிருக்கிறார்கள். அதனால் மூன்று கேள்வியை வைத்து யாருக்கும் பட்டம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கே முதல் வாரத்தில் அந்த ஆசை வந்தது.

இன்னொன்று. பல தாள்களில் ஆவும் இயும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, டக்டக்கோ தன் முடிவுகளில் பெரும்பகுதியைப் பிங்கிடமிருந்து பெறுகிறது என்று. மூவரைக் கேட்டதாக நினைத்தோம். கேட்டது ஏறத்தாழ இருவரை.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. முதல் சரியான முடிவு முதலிடத்தில் வந்தால் 1, மூன்றாமிடத்தில் வந்தால் 1/3, பத்தாமிடத்தில் 1/10. எல்லாக் கேள்விக்கும் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் பின்னக் கூட்டலுக்கு இதைக் கொடுத்தேன். அன்றைக்கு யாரும் தண்ணீர் குடிக்க வெளியே போகவில்லை.

அந்த மாணவி இந்தப் பருவத்தில் திரும்பவும் ஒரு கேள்வி கொண்டுவந்தாள். நோட்டின் மேலே கேள்வி, கீழே இரண்டு வரி: "எந்த இலை முதலில் நிறம் மாறுகிறது என்று சொல்லும் பக்கம் வேண்டும். விற்கிற பக்கம் வேண்டாம்." அவள் கேள்விக்கு வந்த முப்பது முடிவுகளைப் பெயர் நீக்கி இந்த மேசையில் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு தாள் எடுத்து மதிப்பெண் போடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்க வேண்டாம். எது அ, எது ஆ என்று தேநீருக்குப் பிறகு சொல்கிறேன்.