புகையும் தனிமையும்

(படுவான்கரை உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காணி அலுவலாக எம்மிடம் வரும் முதியவர்களுட் சிலர், ஐம்பது ஆண்டுகள் உழுத வயலின் எல்லையைச் சொல்லத் தடுமாறுகின்றனர். “வயது போனால் மறதிதானே” என்று கூறி மகன் உறுதியை நீட்டுகின்றான். அக்கைந்நாட்டு நாளை நீதிமன்றில் நிற்குமா என்பது ஒருபுறமிருக்க, அந்த விளக்கத்தையே நாம் ஏற்பதற்கில்லை.

‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆய்வுக்குழு, முதுமை மறதி நோய்க்கு வழிகோலும், மாற்றக்கூடிய காரணங்கள் 14 என 2024இல் அறிவித்தது. காற்று மாசும் தனிமையும் அவற்றுள் அடங்கும். அனைத்தையும் களைந்தால் நோயாளர் நூற்றுவரில் 45 பேர்வரை நோயைத் தடுக்கவோ பின்போடவோ இயலுமாம். நுண்புகை நுரையீரலோடு நில்லாது. குருதியிற் கலந்து மூளையின் குழாய்களையும் தாக்கும்.

2022 டிசம்பர் 9இல், கடல் கடந்து வந்த மாசுக்காக நாட்டின் பாடசாலைகளை மூடினர். எங்கள் தாய்மாரின் விறகடுப்புப் புகைக்கு எவர் விடுமுறை அளித்தார்?

முன்னர் சூடடிப்புக் காலத்தில் களவெட்டியில் ஊரே கூடும். முதியவர் சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது; எந்தக் கண்டத்திற்கு எப்போது தண்ணீர் என்று வட்டவிதானையாரும் அவரிடமே கேட்பார். இன்று அறுவடை இயந்திரம் ஒரு பொழுதில் வேலையை முடித்துப் போகின்றது. அது சிதறிவிட்ட வைக்கோலுக்குத் தீ வைக்கின்றோம். கூட்டத்தைக் கலைத்ததும் புகையைத் தந்ததும் ஒரே இயந்திரம்! அதனை விரட்டச் சொல்லவில்லை. கூலியாள் கிடையாத கொடுமையை நாமும் அறிவோம்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது இரு கரையும் இணைந்தன என்று மகிழ்ந்தோம். இளையோர் அதன்வழியே எழுவான்கரைக்கும் கொழும்புக்கும் கட்டாருக்கும் போயினர். பணம் வருகின்றது, ஆள் வருவதில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பராமரிப்புத் தொகை கேட்கலாம். பேச்சுத் துணையை எந்தச் சபையும் கட்டளையிட்டுத் தர முடியாது.

ஆகவே, வைக்கோல் கட்டும் இயந்திரத்தைக் கமநல சேவை நிலையம் வாடகைக்குத் தரவேண்டும் எனக் கேட்கின்றோம். மாடு வளர்க்கும் மாவட்டத்தில் வைக்கோலை எரிப்பது சோற்றை எரிப்பதன்றோ? சமையலறைக்குப் புகைபோக்கி கட்டப் பிரதேச சபை உதவட்டும். வாசிகசாலைகளை மாலைதோறும் முதியோருக்குத் திறந்துவிடட்டும். பத்திரிகையைப் படித்துக் காட்ட எம் இளைஞர்கள் முறைவைத்து வருவர்.

மனு மேசைமீது இருக்கின்றது. முதியவர்கள் முதலில் ஒப்பமிடுக. வாசித்துச் சொல்லிய பின்னரே கை வாங்குவோம்.