ஆசிரியர் பணிக்கு அடித்தளம் நான்காம் படிவமே



மலேசியாவில் ஆசிரியர் பயிற்சி என்றதும் நினைவுக்கு வரும் ஊர் தஞ்சோங் மாலிம். மலாய்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்க 1922 நவம்பரில் இங்கே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. 1997 மே மாதம் அது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று இங்கே தமிழ்மொழிக் கல்வியிலும் பட்டம் பெறலாம்.

அன்று கம்பத்துப் பள்ளிகளில் நன்றாகப் படித்த பிள்ளைகள் முதலில் மாணவ ஆசிரியர்களாகச் சிறு வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் தேறியவர்களே கல்லூரிக்கு வந்தார்கள். தொழில் தமக்கு ஒத்துவருமா என்பது பயிற்சிக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அக்காலத்தில் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் நிலை வேறு. தோட்ட நிர்வாகங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆனால், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் பல இடங்களில் வாத்தியார்.

இன்று நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்தவர்கள் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆயத்தப் படிப்பையும் பின்னர் 4 ஆண்டுப் பட்டப்படிப்பையும் தொடரலாம். எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேசன் முடித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

வழி இருந்தும் பலர் 16 வயதிலேயே கதவை அடைத்துக்கொள்கிறார்கள். தமிழ் எடுத்தால் மற்றப் பாடங்களில் புள்ளி குறையும் என்ற பயம் ஒரு பக்கம். பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்த பிறகே நடக்கிறது. பஸ் போய்விடும் என்ற கவலை இன்னொரு பக்கம். ஆகவே நான்காம் படிவத்தில் தமிழை விட்டுவிடுகிறார்கள். எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்காதவர் பிறகு தமிழாசிரியராக ஆசைப்பட்டால் என்ன செய்வது?

தமிழ் மட்டும் போதாது. மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாமல் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது. ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வும் உண்டு. வேறு வேலை கிடைக்காததால் வந்தவர் யார், பிள்ளைகளோடு பழக விரும்பி வந்தவர் யார் என்பது பெரும்பாலும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

மாணவ ஆசிரியர் முறையின் நல்ல அம்சத்தை இன்றும் பின்பற்றலாம். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்கள் வாரம் ஒரு மணி நேரம் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் வாசிப்பில் பின்தங்கிய ஒரு பிள்ளைக்குத் துணையாக உட்காரட்டும். "புரியவில்லை" என்று அந்தப் பிள்ளை மூன்றாம் முறை சொல்லும்போது எரிச்சல் வருகிறதா, வேறு விதமாகச் சொல்லத் தோன்றுகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மனம் வைத்தால் இதற்குப் பெரிய செலவில்லை.

பெற்றோர்களே, பாடத் தேர்வுப் பாரத்தில் கையெழுத்திடும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நாளை நம் பேரப்பிள்ளைகளுக்கு அகரம் எழுதக் கற்றுத்தரப் போகிறவர் இன்று உங்கள் வீட்டில் இருக்கலாம்.