தோட்டப் பாடசாலையும் புதிய கருவியும்

(ஹட்டனில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஆரம்பப் பாடசாலைகளிலே கணினியும் இணையமும் கற்பித்தலுக்கு எவ்வாறு துணைநிற்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்திருக்கிறீர்கள். நீதிமன்றத்திலே வழக்குரைப்போருக்கும் அரசியல் மேடையிலே நிற்போருக்கும் வகுப்பறையிலே என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். மலையகத்திலே பாடசாலை என்பது என்றுமே வெறும் பாடசாலையாக இருந்ததில்லை. அது ஓர் உரிமை வழக்காகவே இருந்து வந்திருக்கிறது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆகையினாலேயே இங்கு வந்து நிற்கிறோம்.

பிந்தி வந்த நன்மைகள்

1945ஆம் ஆண்டிலே இந்நாட்டிலே இலவசக் கல்வி மலர்ந்தது. கன்னங்கரா அவர்களின் பெயரை நாடு இன்றும் நன்றியோடு நினைக்கிறது. ஆனால் அந்த மலர்ச்சியின் மணம் தேயிலை மலைகளுக்கு எட்டவில்லை. தோட்டத்துப் பிள்ளை, தோட்ட நிருவாகத்தின் கீழிருந்த பள்ளிக்கூடத்திலே, பெரும்பாலும் ஒரே ஆசிரியரின் முன்னிலையிலே, ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கொழுந்துக் கூடையைச் சுமந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றோர் ஆக்கியது. 1949இலே வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாத மக்கள் கேட்கும் பாடசாலையை எந்த அமைச்சர் கட்டிக் கொடுப்பார்?

1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. சுவீடன் நாட்டின் உதவியோடு பாடசாலைக் கட்டடங்கள் எழுந்ததும், ஜெர்மனியின் உதவியோடு பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியதும் அதற்குப் பின்னரே. நாடற்ற நிலையை நீக்க வகைசெய்த பிந்திய சட்டமோ 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

இந்த வரலாறு எமக்குச் சொல்லுவது ஒன்றே. நாட்டுக்கு வருகின்ற நன்மை, மலைக்கு வந்து சேர ஒரு தலைமுறை பிந்துகிறது. இலவசக் கல்வி பிந்தியது, குடியுரிமை பிந்தியது. கணினி வழிக் கல்வியும் அவ்வாறே பிந்த வேண்டுமா என்பதே இன்று எம்முன் உள்ள கேள்வி.

தொற்றுக் காலம் காட்டிய உண்மை

2020 மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. குருகெதர என்னும் பாட ஒளிபரப்புத் தொலைக்காட்சியிலே தமிழிலும் வந்தது. ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்களிலே பாடங்களை அனுப்பினார்கள். அவர்களின் உழைப்பை நாம் வணங்குகிறோம்.

ஆயினும் லயன் அறையிலே நடந்தது என்ன? வீட்டிலே இருந்தது ஒரு கைத்தொலைபேசி. அது காலையிலே தந்தையோடு வேலைக்குப் போயிற்று. மாலையிலே திரும்பியபோது மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருந்தனர். அலைவரிசை தேடிப் பிள்ளைகள் மேட்டில் ஏறினர். தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக உயர்ந்ததே 2021 மார்ச் மாதத்திலேதான். அதிலே அரிசிக்கு எவ்வளவு, டேட்டாவுக்கு எவ்வளவு? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் கணினி வசதி பற்றி வெளியிடும் அறிக்கைகளிலே நகரம், கிராமம், தோட்டம் என மூன்று நிரல்கள் உண்டு. ஆண்டுகள் மாறுகின்றன; கடைசி நிரல் மாறுவதில்லை. அது தோட்டமே.

200 மாணவருக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டபோது, எழுத்தை மறந்து வந்த பிள்ளைகளை ஏந்திக்கொண்டவர் யார்? கருவி அன்று, நீங்களே, ஆசிரியர்களே!

இதைக் கொண்டு கருவியே வேண்டாம் என்று முடிவுகட்டுவோரும் உளர். அது சரியான தீர்ப்பு ஆகாது. அன்று கருவி, பாடசாலைக்கு மாற்றாக நிறுத்தப்பட்டது, ஆதலால் தோற்றது. அதே கருவியைப் பாடசாலைக்குள்ளே, ஆசிரியரின் கையிலே, அவருக்குத் துணையாக நிறுத்தினால் விளைவு வேறாகும்.

எமது உண்மையான வறுமை

தோட்டத்துச் சிறு பாடசாலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐந்து தரங்கள் இருக்கும். இரண்டு அல்லது மூன்று ஆசிரியர் இருப்பர். முதலாந் தரத்துக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் வேளையிலே நான்காந் தரம் சும்மா இருக்கிறது. நான்காந் தரத்துக்குக் கணக்குச் சொல்லும் வேளையிலே முதலாந் தரம் கூச்சலிடுகிறது. மழை நாளிலே தகரக் கூரையின் ஓசை இருவர் குரலையும் விழுங்குகிறது. அந்த ஆசிரியைக்கு ஓர் ஐயம் தோன்றினால் கேட்பதற்கு அருகிலே துணையில்லை. அவர் இரவிலே கண்விழித்து எழுத்து அட்டை ஒன்று செய்கிறார். மலைக்கு அப்பால் உள்ள தோட்டத்திலே இன்னோர் ஆசிரியையும் அதே இரவிலே, அதே பாடத்துக்கு, அதே அட்டையைச் செய்துகொண்டிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியார். கூரை ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தனிமை எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. எமது பாடசாலையின் பெரிய வறுமை இதுவே என்பது நமது கருத்து.

இந்தத் தனிமையை உடைப்பதே புதிய கருவியின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

வடக்கிலிருந்து வந்திருக்கும் விவசாயத் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலே தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும். இங்கே தோட்டம் என்றால் தேயிலை. ஆனால் உங்கள் ஊரின் பங்குக் கிணற்றை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே கிணறு வெட்ட முடியாதவர்கள் கூடி ஒரு கிணறு வெட்டுகிறார்கள். முறை வைத்து இறைக்கிறார்கள். கிணற்றைத் தூர்வாருவதும் பங்காளிகள் எல்லாருடைய பொறுப்பு. தண்ணீரோ இறைக்க இறைக்கக் குறையும். பாடம் அவ்வாறன்று, பத்துப் பேர் எடுத்தாலும் குறையாது, பத்துப் பேர் சேர்த்தால் பெருகும்.

அவ்வாறான பங்குக் கிணறு ஒன்றை ஆசிரியர்கள் தமக்கென வெட்டிக்கொள்ள வேண்டும். நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என இம்மாவட்டத்திலே ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. ஓர் ஆசிரியை செய்த எழுத்து அட்டை, இன்னொருவர் தம் குரலிலே பதிந்த கதை, வேறொருவர் கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டு அமைத்த கணக்கு ஆகிய யாவும் ஒரு பொதுக் களஞ்சியத்திலே சேரட்டும். ஆசிரிய ஆலோசகர் பிழை பார்த்துத் தரட்டும். இணையம் உள்ள பாடசாலை அங்கிருந்து நேரே எடுக்கட்டும். இல்லாத பாடசாலைக்குப் பென் டிரைவிலே போகட்டும். இணையமின்றியே ஒரு சிறு கணினியிலிருந்து வகுப்பறை முழுவதற்கும் பாடங்களை வழங்கவல்ல மென்பொருள்கள் இன்று உண்டு. கோலிப்ரி என்பது அவற்றுள் ஒன்று. அது இலவசமாகவே கிடைக்கிறது. அரசின் தமிழ்ப் பாடநூல்களும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன.

வகுப்பறையிலே பிள்ளைக்கு ஒரு கருவி வேண்டுமா? வேண்டியதில்லை. நான்கு பிள்ளைகள் ஒரு டெப்பைச் சுற்றி அமரட்டும்; கதையைக் கேட்கட்டும்; விடை எது என்று தமக்குள் வாதிடட்டும்; முடிவிலே கொப்பியிலே எழுதட்டும். அவ்வேளையிலே ஆசிரியை முதலாந் தரத்தோடு நிம்மதியாக இருக்கலாம். அயலிலுள்ள சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் தம் மொழியிலே பேசிப் பதிந்ததை எமது பிள்ளைகள் கேட்கலாம். எமது பிள்ளைகளின் தமிழை அவர்கள் கேட்கலாம். அண்டை வீட்டாரின் மொழியை அவர்கள் வாயாலேயே கற்பதைவிடச் சிறந்த வழி எது?

உலகம் கண்ட அனுபவம்

கருவியை வாங்கிக் குவித்தால் மட்டும் கல்வி வளராது. பெரு நாட்டிலே கிராமப்புறப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. 319 பாடசாலைகளை ஆராய்ந்து 2012இலே வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை என்று கூறிற்று. பெட்டி சென்றது, கற்பிக்கும் முறை செல்லவில்லை.

மறுபுறம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001ஆம் ஆண்டு தொடங்கி, அரசே ஆசிரியர்களைப் பயிற்றியது. கட்டணமில்லாத திறந்த மென்பொருளைக் கைக்கொண்டது. பாடங்களைத் தன் மொழியிலே ஆக்கியது. பின்னரே கருவிகளைப் பெருக்கியது. தமிழ்நாட்டிலே 2019இலே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆயினும் தொற்றுக்குப் பின் பிள்ளைகளின் இழப்பை ஈடுசெய்ய, 2021இலே இல்லம் தேடிக் கல்வி என்று தன்னார்வலரைத் தெருத்தெருவாக அனுப்ப வேண்டியிருந்தது. திரை எத்தனை பெரிதாயினும் மனிதர் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாவே! கல்வியிலே தொழில்நுட்பம் பற்றி யுனெஸ்கோ 2023இலே வெளியிட்ட உலக அறிக்கையும், இக்கருவி யாருடைய விருப்பின்படி இயங்குகிறது என்ற கேள்வியையே முன்வைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

எமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, எல்லா மட்டங்களிலும் கல்வியைச் சமமாகப் பெறும் உரிமையை அரசின் குறிக்கோளாக வகுக்கிறது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அக்கோட்பாடுகளை நீதிமன்றத்திலே வலியுறுத்த முடியாது என்று கதவைச் சாத்துகிறது. வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. சட்டத்தின்முன் யாவரும் சமம் என்னும் 12ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை. தேசிய மொழிகளுள் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்தை 21ஆம் உறுப்புரை தருகிறது. ஆகவே தமிழிலே பாடங்களைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோரைச் சட்டம் கேள்வி கேட்கிறது. அனுப்பிய பிள்ளைக்கு என்ன கொடுத்தாய் என்று பெற்றோர் அரசைக் கேட்கலாகாதா?

கேட்பதற்கும் வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தக் குடிமகனும் வலயக் கல்விப் பணிமனையிடம் எழுத்திலே வினவலாம். எமது பாடசாலைக்கு எத்தனை கணினி வழங்கப்பட்டது? அவற்றுள் எத்தனை இன்று இயங்குகின்றன? பழுதுபார்க்க ஒதுக்கிய பணம் எவ்வளவு? தகவலைத் தருவதா மறுப்பதா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்தாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இந்த ஒரு மடலை எழுதட்டும். எழுதத் தெரியாத சங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வழக்கறிஞர்களாகிய நாம் கடமைப்பட்டிருக்கிறோம், கட்டணம் வேண்டாம்.

எமது கோரிக்கைகள்

ஐந்து கோரிக்கைகளை இக்கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: கருவிக்கு முன் மின்சாரமும், பூட்டக்கூடிய நல்ல அறையும் வேண்டும். 2022 மார்ச் இறுதியிலே நாட்டிலே ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்துவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பாதையும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அறுந்தன. இணையம் அறுந்தாலும் பாடம் அறாத ஏற்பாடே எமக்கு ஏற்றது.

இரண்டு: இணைய இணைப்பின் செலவு ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்து போகலாகாது. 2025இலே ஸ்டார்லிங்க் என்னும் செய்மதி இணையச் சேவை இந்நாட்டிலே தொடங்கிவிட்டது. மலை மறைக்கிறது என்னும் சாக்கு இனிச் செல்லாது.

மூன்று: கூட்டாகப் பாடம் ஆக்குவதற்கு ஆசிரியருக்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்ரீபாத கல்லூரியிலே பல்தர வகுப்புக்குரிய பயிற்சியோடு இதுவும் சேர வேண்டும்.

நான்கு: நன்கொடையாக வரும் ஒவ்வொரு கருவியோடும் மூன்று ஆண்டுப் பழுதுபார்ப்புச் செலவும் வர வேண்டும். நாடா வெட்டிப் படம் எடுத்தபின் உறையிட்டு மூடும் கணினி எமக்கு வேண்டாம்.

ஐந்து: பிள்ளையின் பெயரும் முகமும் விளம்பரச் சரக்கு ஆகலாகாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலே இயற்றப்பட்டது. அதன் நோக்கம் முதலிலே காக்க வேண்டியது பிள்ளைகளையே.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடல் கடந்தும் வாழும் பொறியியலாளரே, கணக்காளரே, மருத்துவரே! மலையகத்துக்கு உதவ வேண்டும் என்று நீங்கள் அடிக்கடி சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பெட்டி அனுப்புவதற்கு முன் ஒரு பாடசாலையைத் தேர்ந்து, அதன் ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஆண்டுக்கு இருமுறை வந்து கருவியைத் திருத்திக் கொடுங்கள். அது பெரிய தொண்டு.

பெற்றோரே! இரு நூற்றாண்டுகளாக இம்மலைகள் உங்கள் கைகளால் பசுமையாயின. அந்தக் கைகளிலே ஏட்டைக் கொடுக்க நாடு பிந்தியது. உங்கள் பிள்ளையின் கைக்குக் கணினி வருவதும் பிந்த விடலாகாது. வலயப் பணிமனைக்குரிய மடலை இம்மாதமே எழுதுங்கள். கையொப்பம் இடத் தெரியாத தாயும் தன் பிள்ளையைக் கொண்டு தன் பெயரை எழுதுவித்து அனுப்பட்டும். அந்தக் கையெழுத்தைக் கண்டும் வாளாவிருக்கும் அரசு எது என்று பார்ப்போம்.